உப்பிட்டவரும் உப்பு விளைவித்தவரும்

மேற்கே பெருங்கடல்; கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டும் உப்பு நீர். இவ்விரண்டுக்கும் நடுவே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பே கற்பிட்டிக் குடாநாடு. எத்தாளை அங்குள்ள ஊர்களில் ஒன்று. ஆறும் மலையும் இல்லாத அந்த மணலைச் சில முழம் தோண்டினால் குடிநீர் ஊறுகிறது. அந்நீரை நம்பியே அவ்வட்டாரத்து உழவர் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் விளைவிக்கின்றனர். இருபுறமும் உப்பு சூழ்ந்திருக்க, நடுவில் நன்னீர் எங்ஙனம் வந்தது? நாள்தோறும் அதை முகந்து குடிக்கும் நமக்கு இக்கேள்வி எழுவதே இல்லை. பழக்கம் வியப்பின் கண்களைக் கட்டிவிடுகிறது.

விடை எளியது, ஆயினும் அரியது. பெய்கின்ற மழை மணலுக்குள் இறங்குகிறது. கடல்நீர் நன்னீரைக் காட்டிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. படான் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும், பின்னர் 1901-ம் ஆண்டில் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் இவ்விதியை எடுத்துரைத்தனர். காரணம் தெரிந்தால் வியப்புப் போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தெய்வச்செயல் என்று கைகூப்பிவிட்டு நகர்ந்தவனைவிட, உப்பின்மேல் நன்னீர் மிதப்பதை அறிந்தவன் அக்கிணற்றின் அருகே நெடுநேரம் நிற்பான்.

ஏட்டில் விதி ஏறுமுன்பே கைகள் அதனைக் கற்றிருந்தன என்பதையும் மறத்தலாகாது. ஆழத் தோண்டினால் உவர் ஏறும், அவசரமாக இறைத்தால் நீர் கெடும் என்பதைக் கடலோரத்தில் கிணறு வெட்டியவர் பட்டறிவால் கண்டனர். கற்பிட்டியில் 1807-ல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859-ல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலில் தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகளைத் தொகுத்தளித்தார். அப்பணிக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அதே மண்ணில் முதற் கிணற்றை வெட்டியவனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

நன்றி என்னும் பண்பைப் பற்றிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் மூதுரை. புத்தளமோ இலங்கைக்கு உப்பூட்டும் ஊர்களில் ஒன்று. பாத்தியில் நீரைத் தேக்கி, வெயிலில் சுண்டவைத்து, படிந்த உப்பை வாரிக் குவிப்பவரின் பாதங்களை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? மூதுரை போற்றுவது உப்பை இட்டவரை. அதை விளைவித்தவரை அது குறிப்பிடவில்லை. இந்த இடைவெளியை ஆண்டைகள் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். உழைத்தவன் விளைத்ததிலேயே ஒரு பிடியை அவனுக்கு அளந்து கொடுத்துவிட்டு, அதற்கு நன்றி பாராட்டச் சொன்னார்கள். கூலி உயர்வு கேட்டவன் நன்றி கெட்டவன் ஆனான்.

அதனால் நன்றியே அடிமைக் குணம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. 1990-ம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்களுக்குத் தமிழின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமை அது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். தாமும் செல்வரல்லாத அவ்வூர் மக்கள் சோறும் நீரும் இடமும் தந்தனர். உப்பு நீர்மேல் மிதக்கும் அந்தச் சிறிதளவு நன்னீரை அவர்கள் பகிர்ந்து கொண்டனர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல நிலத்திலும் நீரிலும் பள்ளிக்கூட இடத்திலும் நெருக்கடி வந்தது, மனக்கசப்பும் வந்தது. வந்தவர் காலமெல்லாம் தலைகுனிந்து நன்றி சொல்ல வேண்டுமா? இதற்கு நம் விடை இதுவே: நன்றி பெற்றவரின் உள்ளத்தில் தானே ஊற வேண்டியது, கொடுத்தவர் அதை வட்டியாக வசூலிக்க உரிமையில்லை. அகதிக்குக் கிடைத்த அன்பு, அவர் இழந்த உரிமைக்கு ஈடாகிவிடாது. சொந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமையைக் கேட்பதும், அடைக்கலம் தந்தவரை நினைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் நன்றி என்று சொல்பவர் எவரோ, அவரே ஆண்டையின் மொழியைப் பேசுகிறார்.

இன்று அந்த மணலடி நீருக்கே கேடு சூழ்ந்துள்ளது. தோட்டங்களில் இடும் இரசாயன உரம் மணல் வழியே விரைந்து இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது அவ்வெல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் அளந்து காட்டியிருக்கின்றனர். கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. உழவனை மட்டும் குற்றவாளியாக்குவது அறமாகாது. கடனும் நிலையற்ற சந்தை விலையும் அவன் முதுகில் ஏறியிருக்கும்போது, உரத்தைக் குறை என்று உபதேசிப்பது எளிது. அவன் விளைச்சலுக்கு நியாய விலையும், குறைந்த உரத்தில் பயிர்செய்யும் வழியும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் பொறுப்பு. கிணற்றை வெட்டிவைத்துப் போனவருக்கு நாம் இனி எதையும் திருப்பித் தர இயலாது. அந்தக் கடனைப் பிறக்கப்போகும் பிள்ளைக்கே செலுத்தியாக வேண்டும்.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் இதனை எளிதாகத் தொடங்கலாம். ஒரு குவளை நீரையும் ஒரு கல் உப்பையும் மேசைமேல் வையுங்கள். இவை எங்கிருந்து வந்தன, யார் கைகள் வழியே வந்தன, அக்கைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். முதற் கேள்வியில் வியப்புப் பிறக்கும். இரண்டாவதில் நன்றி பிறக்கும். மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் வகுப்பை முடித்துவிடாதீர்கள்.