விழாதிருப்பவை

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காரணமில்லாததைக் காரணம் என்று பிடித்துக்கொள்ளாதே என்பது அதன் புத்திமதி. உண்மையான காரணம் எது என்பதைப் பழமொழி நம்மிடமே விட்டுவிடுகிறது.

மன்னாரின் உயிலங்குளத்துப் பக்கம் 20 மீற்றர் உயரமான ஒரு பனையை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், உச்சியிலிருந்து விழும் பழம் 2 செக்கனில் தரையைத் தொடும். தொடும்போது அதன் கதி மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். அந்த 2 செக்கனைப் பார்த்துவிட்டுத்தான் ஈர்ப்பு என்கிறோம். ஆனால் பழம் நுங்காய் இருந்த காலத்திலும் பூமி அதை அப்படியேதான் இழுத்துக்கொண்டிருந்தது. காம்பு அதற்குச் சமமாக மேலே இழுத்தது. பழுத்தபின் தளர்ந்தது காம்பு மட்டும். ஈர்ப்பு அன்றைக்குப் புதிதாக வரவில்லை.

*

மேசைமேல் ஒரு பொருள். அதில் தாக்கும் விசைகளைக் குறிக்கவும். சாதாரண தரம் படித்த எல்லோரும் இந்தப் படத்தை ஒருமுறையாவது வரைந்திருப்போம். கீழ்நோக்கிய அம்பு கேட்காமலே வந்துவிடும், அது நிறை. மேல்நோக்கிய அம்பைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். மேசை சும்மா கிடக்கிறது, அது என்ன செய்யப்போகிறது என்று தோன்றும். இரண்டாவது அம்பு இல்லையென்றால் பொருள் மேசையைத் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். 1687இல் வெளியான நியூட்டனின் நூலில் அசையும் கோள்களுக்குச் சொன்ன விதிகள்தாம் அசையாத இந்த மேசைக்கும்.

*

உயிலங்குளத்து வயல்களுக்கு உயிர் கட்டுக்கரைக்குளம். அனுராதபுரம் வழியே வரும் அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்காலால் திருப்பிக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு துருசு, வாய்க்கால், வயல். இந்தப் பயணத்தில் இயந்திரம் எதுவுமில்லை, இறக்கம் மட்டுமே. இறக்கம் கூடினால் நீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஆர்முடுகல் என்ற சொல் தெரிந்திருக்காது. நீரின் போக்கு தெரிந்திருந்தது.

குளக்கட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அத்தனையும் இந்த மண்கட்டில் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று மனம் பதறும். கட்டு அப்படி எதையும் உணர்வதில்லை. நீரின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததல்ல. குளம் ஒரு கிலோமீற்றர் விரிந்தாலும் பத்துக் கிலோமீற்றர் விரிந்தாலும், 1 மீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மீற்றர்மேல் விழும் விசை ஒன்றுதான், ஏறக்குறைய 1,000 கிலோகிராமின் நிறை. ஆழம் இரட்டித்தால்தான் ஆபத்து. அப்போது கட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளமும் தாங்கவேண்டிய மொத்த விசை நான்கு மடங்காகும். தட்டையான மன்னார் நிலத்தில் அகன்று ஆழம் குறைந்த குளத்தை மண்ணாலேயே கட்டிக் காக்க முடிந்தது இதனால்தான். கட்டின் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் இருப்பதற்கும் இதே கணக்கு.

*

விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. இடப்பெயர்ச்சி இல்லையென்றால் வேலை பூச்சியம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் அசையாமல் நின்றால் அவர் மூட்டைமேல் செய்த வேலை பூச்சியம் என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஓமந்தையும் முகமாலையும் போல உயிலங்குளமும் ஒரு கடவை. இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையே சனங்கள் பொதியோடு வரிசையில் நின்ற இடம். அந்த வரிசையில் நின்றவரிடம் போய் நீங்கள் செய்த வேலை பூச்சியம் என்று சொல்ல முடியாது. பௌதிகமும் அப்படிச் சொல்லவில்லை. தசை கல்லைப்போல இறுகி நிற்பதில்லை. அதன் நார்கள் நொடிக்குப் பலமுறை சுருங்கித் தளர்ந்து மறுபடி சுருங்குகின்றன. வெளியே அசைவில்லை, உள்ளே சக்தி எரிந்துகொண்டே இருக்கிறது. பூச்சியம் என்பது மூட்டையின் கணக்கு. சுமந்தவரின் கணக்கு வேறு.

*

ஊரே அசையாமல் கிடக்கும் மத்தியான வேளையிலும் பூமியின் சுழற்சி உயிலங்குளத்தைக் கிழக்கே கொண்டுபோகிறது, செக்கனுக்கு ஏறத்தாழ 459 மீற்றர். மணிக்கு 1,650 கிலோமீற்றர். மரமும் மனிதரும் காற்றும் ஒன்றாகப் போவதால் தெரிவதில்லை. சீரான இயக்கத்தை உள்ளே இருப்பவர் உணரமாட்டார் என்று 1632இல் கலிலியோ ஒரு கப்பலின் அறையை வைத்து விளக்கினார். நமக்கு மதவாச்சி–தலைமன்னார் வீதியில் ஓடும் பஸ் போதும். சாரதி பிரேக் போடும்வரை ஓட்டம் தெரியாது. பிரேக் போட்டதும் உடம்பு முன்னே போகப் பார்க்கும்.

ஆனாலும் சுழற்சி ஒரு தடயத்தை விட்டுவைக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் நேர் மேற்கே ஓடும் வாகனத்தில் 60 கிலோ ஆள் ஒருவர், நின்ற இடத்தில் இருந்ததைவிட 15 கிராமளவு கூடுதல் நிறை காட்டுவார். கிழக்கே திரும்பினால் அவ்வளவு குறையும். பூமியோடு சேர்ந்து சுற்றும் கதி ஒரு திசையில் கூடுவதும் மறுதிசையில் குறைவதும்தான் காரணம். கடலில் ஓடும் கலத்திலிருந்து ஈர்ப்பை அளப்பவர்கள் இதைத் திருத்தாமல் எந்த அளவையும் நம்புவதில்லை.

*

அப்படி அளந்தவர்களில் ஒருவர் ஒல்லாந்தரான வெனிங் மைனஸ். இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் ஒன்று இருப்பதை 1948இல் கண்டவர் அவர். அதன் மையம் இலங்கைக்கும் இந்தியாவின் தென்முனைக்கும் தெற்கே. அங்கே கடல்மட்டம், பூமிக்கென்று கணித்துவைத்த ஒழுங்கான வடிவத்தைவிட 106 மீற்றர் கீழே இருக்கிறது. மன்னார்க் கடலும் அந்தப் பள்ளத்தின் சரிவிலேதான், 90 மீற்றருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. பூமியின் ஆழத்தில் சூடேறி அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் எழுந்திருப்பது இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.

பள்ளம் என்றால் நீர் அதற்குள் ஓடவேண்டுமே? ஓடாது. எங்கே போனாலும் இறக்கம் இல்லாத பரப்பைத்தான் மட்டம் என்கிறோம். அதை வரைவது ஈர்ப்பே. வடிவக் கணிதத்தில் அது பள்ளம், நீருக்கு அது சமதரை. வாய்க்கால் வெட்டுபவர் மட்டம் பார்க்கும்போதும் இதே பரப்பைத்தான் பார்க்கிறார்.

*

1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயென்னுக்கு ஓர் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது என்பதற்கு முதல் சாட்சி அது. கணக்குக்காக 10 என்று எடுக்கும் ஈர்ப்பு ஆர்முடுகல் பாரிஸில் 9.81, மன்னாரில் 9.78. அதே கடிகாரம் இங்கே வந்தால் நாளுக்கு 2 நிமிடமளவு பிந்தும்.

நூலில் ஒரு கல்லைக் கட்டி, தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுவரை 99 சென்ரிமீற்றர் வைத்தால், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 1 செக்கன். மேலே ஓரத்தில் கல் ஒரு கணம் நிற்கிறது, கதி பூச்சியம். ஆனால் அதை நடுவுக்குத் திருப்பும் விசை மிகக் கூடியிருப்பதும் அங்கேதான். நடுவில் வரும்போது அந்த விசை பூச்சியம், கதியோ உச்சம். ஆகவே ஒன்று நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம், அது சமநிலையில் இருக்கிறதா என்பதைச் சொல்ல விசைகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும். குளமும் கட்டும் இரண்டு கேள்விக்கும் ஆம் என்கின்றன. ஓரத்துக் கல் முதல் கேள்விக்கு மட்டும். ஆற்றையும் குளத்தையும் வீதியையும் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பௌதிகம் முதலில் கொடுக்கவேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்று எனக்குப் படுகிறது. விழுவதை எல்லோரும் கவனிப்பார்கள்.