உறங்காமையும் அளவுகோலும்

ஒருவன் உறங்கினானா என்பதற்குச் சாட்சி யார்? உறங்கியவன் தன் உறக்கத்தை அறியான். உறங்காதவனோ இரவின் நீளத்தை மிகைப்படக் கூறுதல் கூடும். இவ்விடர்ப்பாடு பற்றியே மருத்துவர் கருவிகளையும் வினாக்கொத்துகளையும் நாடினர். உளநோயுற்ற கட்டிளைஞரிடத்து இவ்வளவீடு ஓர் அறப் பிரச்சினையாகவும் ஆகின்றது.

மணிக்கட்டிற் கட்டப்படும் அசைவுமானி, உடலின் அசைவைக் கொண்டே உறக்கத்தை ஊகிக்கின்றது. மனச்சோர்வுற்ற பிள்ளை முகட்டைப் பார்த்தபடி அசையாது கிடப்பின், அதனையும் உறக்கமென்றே அது குறித்துவிடக்கூடும். மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை நுண்ணியது. ஆயின், வயர்கள் பூட்டப்பெற்று அந்நியக் கட்டிலிற் கழியும் இரவு வீட்டிரவு ஆகாது. எஞ்சுவது வினாக்கொத்தே. நித்திரையின்மைத் தீவிரச் சுட்டி ஏழு வினாக்களால் ஆயது. கடந்த இரு வாரங்களை நினைந்து விடையளித்தால் 0 முதல் 28 வரை ஒரு புள்ளி கிடைக்கும். 15ஐ எட்டின் மருத்துவக் கவனத்துக்குரிய நித்திரையின்மை எனக் கொள்வர்.

மனச்சோர்வை அளக்கும் வினாக்கொத்துகளிலும் உறக்கம் பற்றிய வினா உண்டு. ஒரே இரவு இரு கணக்கிலும் எழுதப்படுகின்றது. முன்னர் நித்திரையின்மை பெரும்பாலும் உளநோயின் நிழலாகவே கருதப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைந்நூலே, வேறு நோய் உடனிருப்பினும் அதனைத் தனிக் கோளாறாகக் கணிக்க இடந்தந்தது. இம்மாற்றம் நன்றே. 'மனம் தேறினால் நித்திரை தானே வரும்' என ஒதுக்கப்பட்டோரின் துன்பம் இதனாற் கவனம் பெற்றது. கட்டிளமைப் பருவத்தில் உடற்கடிகாரமே பின்தள்ளிப் போகின்றது என்பதும் நினைக்கத்தக்கது. பாடசாலை மணி மட்டும் பின்தள்ளுவதில்லை.

இனி, பூநகரி போன்றதோர் ஊரில் இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போம். 1993 நவம்பரில் அங்கிருந்த படைமுகாம் தாக்கப்பட்டது. 2008 நவம்பரில் ஊர் மீண்டும் இராணுவத்தின் கைக்கு வந்தது. இடம்பெயர்ந்த வன்னி மக்களுட் பலர், 2009 மேயில் போர் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களில் வைக்கப்பட்டனர். ஷெல்லின் ஓசைக்குச் செவிகொடுத்து விழித்திருந்தோரே பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இழுத்துக் காத்தனர். அவ்விழிப்பை நோயெனல் தகுமா?

இன்று அங்கு பதினைந்து வயதினர் போருக்குப் பின் பிறந்தவர். ஆயினும், காணாமற்போன மகனை எண்ணி நடுநிசியில் எழுந்திருக்கும் அம்மம்மாவின் அருகே படுப்போர் அவர்களுள் இருத்தல் கூடும். போரின் காயத்தைத் தனியாளிடம் மட்டுமன்றிக் குடும்பத்திடமும் சமூகத்திடமும் காணவேண்டும் என உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வலியுறுத்தியதன் பொருள் இங்கு விளங்கும். உறக்கக் குறைவின் பாதிப்புப் பிறர் கண்ணுக்குப் புலப்படுகிறதா என்பது அவ்வேழு வினாக்களுள் ஒன்று. வீடே உறங்காதவிடத்து அது யாருக்குப் புலப்படும்? உறக்கக் குறைவு குறித்துக் கவலையுண்டா என்பது மற்றொன்று. 'ஒரே யோசனை' என்று பிள்ளை கூறும். அவ்யோசனை உறக்கத்தைப் பற்றியதன்று, உறக்கத்தைக் கெடுத்தது.

அதனால் அளவீட்டைக் கைவிடுக என்பது பொருந்தாது. எண் இல்லையேல் 'பேசாமற் படு' என்னும் அதட்டலோடு விடயம் முடிந்துவிடும். நெடுநாள் உறங்காமையோ தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது. சென்ற மாதத்துப் பிள்ளையோடு இம்மாதத்துப் பிள்ளையை ஒப்பிட எண் வேண்டும். கருவியும் பிள்ளையும் முரண்படுமிடத்து, முதலில் நம்பத்தக்கது பிள்ளையின் சொல்லே. ஏழு வினாக்களுக்குச் சில நிமிடங்கள் போதும். ஏன் விழித்திருக்கிறாய் என்னும் எட்டாவதற்கு அரைமணி நேரமேனும் வேண்டும். வரிசை நீண்ட கிளினிக்கில் அந்த அரைமணி நேரத்தை யார் ஒதுக்குவது என்பதே இன்னும் தீராத வினா.