புழு குளவியாகுமா?

குளவி தன் மண்கூட்டுக்குள் ஒரு புழுவைக் கொண்டுபோய் அடைக்கிறது. சில வாரங்கள் கழித்து அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கொட்டிக் கொட்டியே குளவி புழுவைத் தன் இனமாக்கிவிடுகிறது என்று பழங்காலத்தவர் நம்பினார்கள். அச்சத்தால் புழு வேறெதையும் நினையாமல் குளவியையே நினைத்து அதன் வடிவத்தைப் பெறுகிறது என்று விளக்கமும் சொன்னார்கள். வடமொழி நூல்களில் இதற்குக் கீட-பிரமர நியாயம் என்று பெயர். இடைவிடாமல் நினைப்பதாகவே உயிர் மாறிவிடுமா என்ற பெருங்கேள்வி இந்தச் சிறு பூச்சியின் மேல் ஏற்றப்பட்டது.

பாகவத புராணத்தின் ஏழாம் ஸ்கந்தம், கண்ணனைப் பகைத்த சிசுபாலனுக்கும் முக்தி கிடைத்தது எப்படி என்பதை விளக்க இந்தப் புழுவைக் காட்டுகிறது. பகையும் ஓயாத நினைப்புதானே! பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் என்னும் துறவி தமக்கு ஆசிரியர்களான 24 பேரைச் சொல்லும்போது தேனீ, விட்டில், சிலந்தி ஆகியவற்றோடு குளவியையும் சேர்க்கிறார். பைடணைச் சேர்ந்த ஏகநாதர் இந்த ஸ்கந்தத்துக்கு மராத்தியில் உரை எழுதி 1573இல் காசியில் முடித்தார். மராத்தி பக்தி மரபினரான வார்கரி அடியார்கள் இன்றும் அதைப் போற்றிப் படிக்கிறார்கள். சங்கரர் பெயரில் வழங்கும் விவேகசூடாமணியோ, பிரம்மத்தைத் தியானிப்பவன் பிரம்மமே ஆகிறான் என்பதற்கு இதே உவமையைக் கையாள்கிறது.

ஆனால் உயிரும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்துக்கு இந்த உவமை முழுவதும் ஒத்துவரவில்லை. நம்பிக்கையின்படியே பார்த்தாலும், புழு இன்னொரு குளவியாகிறதே ஒழிய, கொட்டிய அதே குளவியாக ஆவதில்லை. இறைவனைப் போன்ற வடிவம் பெறுவது, அதாவது சாரூபம், என்று சொல்வோருக்கே இது நெருக்கமாகப் பொருந்துகிறது.

உண்மையில் கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவி அங்கே முட்டையிடுகிறது. கொட்டப்பட்டு அசைவற்றுப்போன புழு, முட்டையிலிருந்து வரும் இளம்புழுவுக்கு இரை. அதைத் தின்று வளர்ந்ததுதான் குளவியாகி வெளியே வருகிறது. சீனாவிலும் இதே மயக்கம் இருந்தது. அங்கே பழைய கவிதைத் தொகை நூலான ஷிஜிங்கின் வரியொன்றை வைத்து, குளவி புழுவைத் தத்தெடுத்து வளர்க்கிறது என்றார்கள். தத்துப்பிள்ளைக்கே அந்தப் புழுவின் பெயர் வழங்கியது. தாவோ நெறியைச் சேர்ந்த தாவ் ஹோங்ஜிங் (456–536) குளவிக் கூட்டை ஆராய்ந்து அந்த நம்பிக்கையை மறுத்தார். மரபை மதித்துக்கொண்டே அதைச் சோதித்துப் பார்த்த அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது.

பக்திப் பாடல்களில் வரும் இன்னொரு சிற்றுயிரோடு இந்தக் குளவியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1296இல் சமாதியடைந்த மராத்தி ஞானி ஞானேசுவரரின் தங்கை முக்தாபாய், எறும்பு வானில் பறந்து சூரியனை விழுங்கியதாக அபங்கம் என்னும் பக்திப் பாடல் ஒன்றைப் பாடினார். அதை இயற்கைச் செய்தியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நடக்காதது என்று தெரிந்தே, சிறிய உயிருக்குள் அடங்கும் பேருண்மையைக் கேட்பவர் தேடுகிறார். குளவியின் கதை அப்படியன்று. கண்ணால் கண்ட உண்மை என்ற பெயரிலேயே அது வாதங்களில் இடம்பெற்றது. எடுத்துக்காட்டு என்பது பாமரரும் அறிஞரும் ஒருசேர ஒப்புக்கொள்வதாக இருக்க வேண்டும் என்று கௌதமரின் நியாய சூத்திரம் வரையறுக்கிறது. அந்த அளவுகோலின்படி புழு குளவியாகும் என்பது இனி எடுத்துக்காட்டாக நிற்காது. தியானம் உயிரை மாற்றும் என்ற கொள்கை இதனால் பொய்யாகிவிடவில்லை. அதற்கான சான்றைச் சாதகரின் வாழ்வில்தான் தேட வேண்டும்.