யார் துணை?

2019இல் மெக்சிக்கோவின் ஏரியல் விருது விழாவில் சிறந்த துணை நடிகையாகத் தெரிவானவர் மரீனா தே தாவிரா. படம் அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா'. அதில் அவர் வீட்டு எசமானி. கதாநாயகியோ பணிப்பெண் கிளியோ. முன்பு நடித்தே இராத யலிட்சா அப்பாரிசியோ.

எசமானி துணை, வேலைக்காரி முதன்மை! எனக்கு அது பிடித்திருந்தது. தன்னை வளர்த்த லிபோவுக்கே குவாரோன் படத்தைக் காணிக்கையாக்கியிருந்தார்.

பிறகுதான் ஒரு காட்சி உறுத்தத் தொடங்கியது. நீந்தத் தெரியாத கிளியோ கடலில் இறங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீடு திரும்பியதும் ஒரு பிள்ளை வாழைப்பழ மில்க்‌ஷேக் கேட்கிறது. அவள் குசினிக்குப் போகிறாள்.

அம்மா கடிதங்களின் தலைப்பில் 'முருகன் துணை' என்று எழுதுவார். அங்கே துணை என்றால் பெரியவர். ஆனால் முருகனிடம் யாரும் மில்க்‌ஷேக் கேட்பதில்லை.

கமரா ஒருத்தியை நடுவில் நிறுத்துவது நன்றிதான், சந்தேகமில்லை. அவளுடைய வேலைநேரம் அதனால் குறைந்ததா? குவாரோன் இதை மறைக்கவில்லை என்பதால்தான் அவரை நம்புகிறேன். படம் முடியும்போதும் கிளியோ அழுக்குத் துணிகளுடன் மொட்டைமாடிக்குப் படியேறிக்கொண்டிருக்கிறாள்.