கணக்கும் நியாயமும்

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் வழியை வகுப்பவன், அந்நோயாளி அறியாமலே அவனுக்கு நீதிபதியாக அமர்கிறான். வழக்குமன்றத்து நீதிபதியை நாம் கண்ணாற் காண்கிறோம். அவர் தீர்ப்பைக் காதாற் கேட்கிறோம். மனம் ஒப்பாவிடில் மேல் மன்றத்துக்கும் செல்கிறோம். ஆனால் எவ்வூரில் ஆஸ்பத்திரி இருக்கவேண்டும், அதில் எத்தனை படுக்கை, இரவில் எத்தனை வண்டி என்று ஓர் அறைக்குள்ளிருந்து முடிவு செய்வோரை நாம் காண்பதே இல்லை. இக்காலத்தில் அவர்கள் பக்கத்தில் கணிப்பொறியும் வந்து அமர்ந்துவிட்டது. ‘பொறி இவ்வாறு கூறுகிறது’ என்றால் மறுபேச்சு எழுவதில்லை. அங்ஙனம் எழாதிருப்பது முறைதானா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். ‘பேய் அறைந்தது’ என்று வேப்பிலை தேடிய காலம் ஒன்றிருந்தது. இன்னும் அது முற்றும் ஒழிந்தபாடில்லை. உண்மையில் பேயுமில்லை, அறையுமில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கட்டி அடைத்துக்கொள்கிறது. அல்லது குழாய் உடைந்து இரத்தம் கசிகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து 3 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டாற் பயன் தரும் என்பதை 1995-இல் அமெரிக்க வைத்தியர்கள் நிலைநாட்டினர். 2008-இல் ஐரோப்பியர் அக்கெடுவை நாலரை மணியாக நீட்டலாமென்று காட்டினர். பெருங்குழாயை அடைத்த கட்டியை மெல்லிய குழலொன்றைச் செலுத்தி இழுத்தெடுக்கும் முறை 2015-இல் உறுதிப்பட்டது. ஆனால், கசிவினால் வந்த வாதத்துக்கு அக்கரைக்கும் மருந்தே நஞ்சாகும். ஆகவே தலையை ஸ்கேன் எடுத்துப் பாராமல் ஊசி போடலாகாது. இத்தனைக்கும் இடையே, பெருங்குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றனவென்று 2006-இல் கணக்கிட்டிருக்கின்றனர். மற்ற நோய்களில் தூரம் ஒரு தொல்லை. இந்நோயில் தூரமும் நோயின் ஒரு பாகமாகிவிடுகிறது.

இங்கேதான் கணிப்பொறி ஒத்திகை உதவிக்கு வருகிறது. நாடகக்காரர் மேடையேறுமுன் ஒத்திகை பார்ப்பதுபோல, ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டுமுன் அதைப் பொறிக்குள்ளே நடத்திப் பார்க்கிறார்கள். நோயாளிகள் காலம் தப்பி வருவதும், இருவர் ஒருங்கே வருவதும், ஸ்கேன் அறையில் வேறொருவர் இருப்பதும், வைத்தியர் வேறு வார்டில் இருப்பதும் எல்லாம் அதில் நிகழும். பத்தாண்டுக் காலத்தைச் சில நிமிடத்தில் ஓட்டி, யார் யார் எத்தனை நேரம் காத்திருந்தனர் என்று எண்ணிவிடலாம். மெய்யான ஊரில் இச்சோதனையைச் செய்தால் மெய்யான மனிதர் மாள்வர்.

இதன் வேர் பழையது. கோபன்ஹேகன் நகரத்து டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்னும் கணித அறிஞர், எத்தனை கம்பி இருந்தால் எத்தனை அழைப்பு தடைப்படும் என்று கணக்கிட வழி கண்டார். அவர் முதற் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. அவர் வாய்பாட்டைப் படுக்கைகளுக்கும் பொருத்தலாம். சராசரி 10 படுக்கை தேவைப்படும் ஓரிடத்தில் சரியாகப் பத்தே படுக்கை போட்டால் யாது நேரும்? ‘தேவைக்குத் தக்கபடி கொடுத்துவிட்டோம்’ என்று கணக்கர் மகிழ்வார். ஆனால், வருவோர் ஒழுங்கின்றி வருவதால், நூற்றுக்கு 21 பேர் இடமின்றித் திருப்பப்படுவர். படுக்கை 15 ஆனால் அத்தொகை நாலுக்குக் கீழே இறங்கும். அந்தப் பத்தையும் இரண்டு ஊர்களுக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டாலோ, நூற்றுக்கு 28 பேர் திருப்பப்படுவர். சிறு சிறு இடங்களைச் சேர்த்துப் பெரிதாக்க வேண்டுமென்று வைத்திய நிர்வாகிகள் நெருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லண்டன் மாநகரில் 2010-இல் அவ்வாறே செய்தனர். சுமார் 30 ஆஸ்பத்திரிகள் பார்த்துவந்த அவசர வாத சிகிச்சையை எட்டே நிலையங்களில் ஒன்று கூட்டினர். அடுத்த 21 மாதங்களில், இல்லையேல் மாண்டிருப்பர் என எண்ணத்தக்க 168 பேர் பிழைத்தனர் என்று 2014-இல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். ‘மனிதனை எண்ணாக்குகிறார்களே, இது அறமா?’ என்று நெஞ்சு நெகிழ்ந்து கேட்கும் தோழர் இந்த 168-ஐ ஒருகணம் நினைக்கக் கடவர். எண்ணாமலிருந்த காலத்தில் அவர்கள் சாவு ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. எண்ணாதிருத்தலை இரக்கமென்று யாம் கொள்ளமாட்டோம்.

எனினும் லண்டன் நெருங்கிய நகரம். எட்டு நிலையங்களில் ஒன்று எப்படியும் கிட்டத்தில் இருக்கும். மலையும் கடற்கரையுமான மாகாணங்களுக்கு அக்கணக்கு அப்படியே செல்லாது. இங்கிலாந்தின் வைத்திய நெறி, ஒரு நிலையம் ஆண்டுக்கு 600 வாத நோயாளிகளையேனும் பார்த்துத் தேர்ச்சி பெறவேண்டும் என்கிறது. நோயாளி 30 நிமிடத்தில், தவறினால் ஒரு மணிக்குள், வந்து சேரவேண்டும் என்றும் கூறுகிறது. ஜனங்கள் அருகிய இடத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று முட்டுகின்றன. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஒத்திகைகளைப் பல காலமாகச் செய்துவருகின்றனர். அவற்றில் பொறி எத்தனையோ ஏற்பாடுகளை அடுக்கிக் காட்டும். எல்லாருக்கும் எல்லாம் நிறைவேறும் ஏற்பாடு மட்டும் அவ்வடுக்கில் இராது.

கற்பனையாக ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஆயிரம் நோயாளிகளில் 900 பேர் பட்டணத்தார், 100 பேர் பள்ளத்தாக்கார். புதிய ஏற்பாட்டில் பட்டணத்தார் ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் மிச்சம். பள்ளத்தாக்காருக்கு 40 நிமிடம் கூடுதல். கூட்டிக் கழித்தால் தலைக்கு 5 நிமிடம் லாபம். பொறி பொய் சொல்லவில்லை; ஐந்து நிமிடம் லாபந்தான். ஆனால் ‘சராசரியைக் குறை’ என்று அதற்குக் கட்டளையிட்டவன் ஒரு மனிதன். ‘கடைக்கோடியில் இருப்பவன் நேரத்தைக் குறை’ என்று அவனே கட்டளையிட்டிருந்தால் அதே பொறி வேறோர் ஏற்பாட்டை முதலில் வைத்திருக்கும். அக்கட்டளை கணிதமன்று, அது நியாய விஷயம். அதைக் கணிதத்துக்குள்ளே புதைத்துவிட்டு, விடை வந்தபின் ‘யந்திரம் சொல்லிற்று’ என்பது எவ்விதத்தில் நேர்மையாகும்?

ஜாதகத்தை நம்பலாகாதென்று மேடைதோறும் பேசுகிறோம். ஜோதிடன் இன்னாருக்கு இன்னது நேரும் என்கிறான். ஒத்திகையோ இத்தனை பேருக்கு இது நேரக்கூடும் என்று மட்டும் கூறி, மெய்யோடு ஒட்டிப்பார்க்கவும் இடங்கொடுக்கிறது. இவ்வேற்றுமை பெரிது. ஆனால் ஏன், எதற்கு என்று கேளாமல் அதன் தாளைக் கண்டவுடன் கும்பிடுவோமாயின், ஜாதகக் கட்டம் போய் வேறொரு கட்டம் வந்ததே மிச்சம்.

எம் தொழிலிலிருந்து ஒன்று கூறுவதை வாசகர் பொறுத்தருள்க. தோட்டத்துக் கிராணிக்குச் செக்ரோல் எத்தகைய நூலென்பது தெரியும். அதில் பெயர் விழாதவன் அன்று உழைத்திருந்தாலும் கூலிக் கணக்கில் இல்லாதவனே. ஆஸ்பத்திரிப் பதிவேடும் அத்தகையதே. வாசலைத் தாண்டி வந்தவன் பெயரே அதில் ஏறும். வழியில் மாண்டவன், ‘விடியட்டும்’ என்று படுத்திருந்தவன், வண்டிக்குச் சொல்ல ஆளில்லாதவன் பெயர் அதில் ஏறாது. அப்பதிவேட்டை மட்டும் வைத்து ஒத்திகை நடத்தினால், தூரத்து ஊரில் நோயே குறைவென்று தோன்றும். குறைவென்று தோன்றுவதால் வண்டியும் குறையும். தூங்கி எழும்போதே வாயும் கையும் இழுத்துக் கிடப்பவனுக்கு நோய் எப்போது தொடங்கிற்றென்று யாரறிவார்? தொடங்கிய நேரம் தெரியாதவனைக் கெடுவுக்குள் வந்தவனாகக் கொள்வதா, விடுவதா என்பதையும் கணக்கெழுதுபவனே முடிவு செய்கிறான்.

‘அப்படியானால் நூறு பேருக்காகத் தொள்ளாயிரம் பேரை நிறுத்திவைப்பதா?’ என்று பட்டணத்துத் தோழர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, இதற்கு எளிய விடை எம்மிடம் இல்லை. ஒரே ஒருமுறை நேரும் நஷ்டமாயின் பள்ளத்தாக்கார் பொதுநன்மைக்காகப் பொறுக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் தபாலாபீசுக்கும் சாலைக்கும் இதே சராசரி போடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கொடுப்பவர் அவர்களே, பெறுபவர் மற்றவரே என்றால், அதைத் தியாகமென்று சொல்ல வாய் கூசுகிறது.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பொறியின் முன் வைக்கப்பட்ட ஏற்பாடுகள் அவ்வளவுதானா? சிறிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, அப்படத்தைத் தூரத்து நிபுணர் அங்கிருந்தே பார்த்துச் சொல்ல, ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய நிலையத்துக்கு அனுப்பும் முறை பல நாடுகளில் நடக்கிறது. ஜெர்மனியில் ஹோம்பர்க் நகரத்தார் 2008-இல் ஸ்கேன் கருவியையே வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோயினர். 2011-இல் பெர்லினிலும் அத்தகைய வண்டி ஓடத் தொடங்கிற்று. செலவு மிகுதிதான். அச்செலவையும், அதனால் கடைசி வீட்டுக்காரனுக்குக் குறையும் நிமிடங்களையும் பொறியைக் கொண்டே கணக்கிட்டு, சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு, பள்ளத்தாக்கார் படிக்கும் மொழியில் அவர்கள் கையில் கொடுக்கலாம். தாள் ஒன்று கூடும், அவ்வளவே.