சடைமுடி வைக்கலாமா?

 

திண்டிவனம் பல சாலைகள் கூடும் ஊர். மேற்கே செஞ்சி வழியாகப் போனால் திருவண்ணாமலை. அங்கே கிரிவலப் பாதையில் சடை தொங்கும் சாதுக்களைப் பார்க்கிறோம். தெற்கே புதுச்சேரிப் பக்கம் போனால், நம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்திலேயே ஆரோவில். 1968-ல் தொடங்கப்பட்ட அந்த ஊருக்குப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்களில் சிலர் முடியைத் திரித்திரியாக விட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் கையில் இப்போது செல்போன் வேறு இருக்கிறது. அதில் கால்பந்து வீரர்கள், பாடகர்கள். ஆகவே நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் 'ட்ரெட்லாக்ஸ் வைக்கலாமா?' என்று கேட்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கேட்கிறானே என்று முதலில் சந்தோஷப்பட வேண்டும். கேட்காமலேயே வைத்துக்கொள்கிற காலம் இது. ஆனால் அவனுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். பெரியவர்கள் 'ஹராம்' என்பார்கள். கூட்டாளிகள் 'ஸ்டைல்தானே, அல்லாஹ் உள்ளத்தைத்தான் பார்க்கிறான்' என்பார்கள். இரண்டுமே விஷயத்தை விசாரிக்காமல் சொல்லும் பதில்கள்.

தமிழில் நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை பின்னுவதும் சடை, சாமியாரின் தலையில் திரண்டு கிடப்பதும் சடை. அரபியில் இவை வேறு வேறு. பின்னலை மாலையில் அவிழ்த்துச் சீவிவிடலாம். ட்ரெட்லாக்ஸ் அப்படி அல்ல. முடியைப் பின்பக்கமாகச் சீவி, கொக்கி ஊசியால் உள்ளே இழுத்து, சில இடங்களில் மெழுகும் தடவி, ஒவ்வொரு கற்றையையும் சிக்கலாக இறுக்குகிறார்கள். ஒரு முழு நாள் உட்கார வேண்டியிருக்கும். அது இறுகித் திரள மாதக்கணக்கில் ஆகும். வேண்டாம் என்று தோன்றினால் பெரும்பாலும் வெட்டுவதுதான் வழி.

நீண்ட முடியோ பின்னலோ மார்க்கத்தில் குற்றம் அல்ல. மக்காவுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்களின் தலைமுடி நான்கு பின்னல்களாக இருந்ததை உம்மு ஹானி (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதீ). இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஹஜ் பயணத்தில் முடி கலையாமலும் பேன் பற்றாமலும் இருக்கப் பிசின் போன்ற ஒன்றைத் தடவி முடியை ஒட்டவைப்பதற்குத் 'தல்பீத்' என்று பெயர். நபி (ஸல்) அவர்களே இஹ்ராமில் அப்படிச் செய்திருந்ததாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆக, முடி ஒட்டித் திரண்டிருப்பதே பாவம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் தல்பீத் சில நாட்களுக்கானது, ஒரு வணக்கத்துக்காகச் செய்தது. அதை ஆதாரமாகக் காட்டி வருடக்கணக்கான சடைக்கு ஃபத்வா எடுக்க முடியாது.

இனி நாம் அதிகம் பேச வேண்டிய இடம். தண்ணீர்.

உளூவில் பெரிய சிரமம் இல்லை. தலையின் எல்லைக்குள் இருக்கும் முடியை ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும். தோளில் தொங்கும் சடையின் நுனியைத் தடவினால் அது மஸ்ஹு ஆகாது, அவ்வளவே. சிக்கல் கடமையான குளிப்பில்தான். முடியின் வேர் முழுக்கத் தண்ணீர் சேர வேண்டும். கற்றைக்கு உள்ளே இருக்கும் முடி? இறுக்கமாகப் பின்னிய முடியை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, வேண்டாம், மூன்று முறை தலையில் அள்ளி ஊற்றினால் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (முஸ்லிம்). ஹனஃபி மத்ஹபில் இந்தச் சலுகை பெண்களுக்கு உரியது. ஆண் பின்னல் போட்டிருந்தால் அவிழ்த்துத்தான் குளிக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே சட்டம்: அவிழ்க்காமல் உள்ளே தண்ணீர் சேராது என்றால் அவிழ்க்க வேண்டும். தானாகவே முடிச்சு விழுந்துபோன முடியின் உட்பகுதிக்கு மட்டும் மன்னிப்பு உண்டு என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் சொல்கின்றன.

அந்த 'தானாகவே' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நோயாலோ முதுமையாலோ ஒரு தாயாரின் முடி சிக்கிப்போனால் மார்க்கம் அவரை வருத்தாது. நீங்களாகப் பணம் கொடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து போட்டுக்கொண்ட சிக்கலுக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அவிழ்க்கவே முடியாதபடி செய்வதுதான் ட்ரெட்லாக்ஸின் இலக்கணம். அவிழ்த்தால்தான் குளிப்பு நிறைவேறும் என்ற நிலையில் நீங்கள் இருந்தால், ஒவ்வொரு கடமையான குளிப்பிலும் என்ன செய்வீர்கள்? மெழுகு தடவியிருந்தால் அது தண்ணீரைத் தடுக்கும் படலம், அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. கற்றைகள் தளர்வாக இருந்து, பிழிந்து பிழிந்து ஊற்றினால் உள்ளே ஈரம் சேரும் என்றால் பேச்சு வேறு. குளிப்பு விடுபட்டுவிடுமோ என்ற பயத்தில் அலீ (ரலி) அவர்கள் தம் முடியோடு பகை கொண்டவர் போல மழித்துக்கொண்டே இருந்ததாக அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. நாம் மழிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. தொழுகை கூடுமா கூடாதா என்ற கவலை ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதற்காகச் சொல்கிறேன்.

உடல் விஷயமும் இருக்கிறது. தடித்த சடை காய நேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் துணியே காய்வதில்லை. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வரும். பூண்டு, வெங்காயம் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொன்ன மார்க்கம் இது. வேரில் இழுப்பு அதிகமானால் முன்நெற்றியில் முடி கொட்டும். முடி குட்டையாக இருப்பவர்களுக்குச் சலூனில் ஒட்டுமுடி சேர்த்துத் தருகிறார்கள். மனித முடியை முடியோடு சேர்ப்பதைப் பற்றிய எச்சரிக்கை கடுமையானது, நபிமொழியில் சாபத்தோடு வந்திருக்கிறது. கம்பளி நூல், பட்டு நூல் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

தொழுகையில் இந்தக் கற்றைகளைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளலாமா என்றால், ஆண்களுக்கு அது மக்ரூஹ். பின்னால் முடியைக் கட்டிக்கொண்டு தொழுத ஒருவரின் கட்டை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுகையிலேயே அவிழ்த்துவிட்டார்கள் (முஸ்லிம்). முடியும் சேர்ந்து ஸஜ்தா செய்யட்டும்.

'பிற சமயத்தாருக்கு ஒப்பாகிவிடுமே?' என்ற கேள்வி வரும். ஜமைக்கா தீவின் ரஸ்தஃபாரிகளுக்குச் சடை என்பது சமயச் சின்னம். 1930-ல் எத்தியோப்பியாவில் முடிசூடிய மன்னர் ஹைலி செலாஸியை அவர்கள் தெய்வமாகக் கருதினார்கள். அந்த நம்பிக்கையை நேசித்தோ, ஒரு சாமியாரின் துறவுக்கோலத்தை நேசித்தோ வைப்பது ஈமானைத் தொடும் விஷயம், அதில் சமாதானம் கிடையாது. அந்த எண்ணமே இல்லாமல் விளையாட்டு வீரரைப் பார்த்து வைப்பதை அதே தட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முஸ்லிம்களிலும் சடை வைத்தவர்கள் உண்டு: வடஇந்தியாவில் மதாரிய்யா வழி மலங்குகள், செனகல் நாட்டில் இப்ராஹீமா ஃபால் வழிவந்த 'பாய் ஃபால்' கூட்டத்தார். அந்தக் கூட்டத்தாரில் பலர் உழைப்பே போதும் என்று தொழுகையை விட்டதைத்தான் உலமாக்கள் கண்டித்தார்கள். முடியை விடப் பெரிய விஷயம் அங்கே இருந்தது.

ஒரு பக்கம், முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. தலை கலைந்து கிடந்த ஒருவரைப் பார்த்து, முடியைச் சரிசெய்ய இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும் அபூதாவூதில் இருக்கிறது. இன்னொரு பக்கம், பரட்டைத் தலையோடு, வாசல்களில் விரட்டப்படும் எத்தனையோ பேர் அல்லாஹ்வின் மீது சத்தியமிட்டால் அவன் அதை நிறைவேற்றிவிடுவான் என்ற கருத்தும் முஸ்லிமில் இருக்கிறது. முரணா? இல்லை. முதலாவதை நான் கண்ணாடி முன் நிற்கும்போது படிக்க வேண்டும். இரண்டாவதை, அடுத்தவர் பள்ளி வாசலில் நுழையும்போது படிக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. நம் தலைக்கு இரண்டாவதையும், அடுத்தவர் தலைக்கு முதலாவதையும் எடுத்துக்கொள்கிறோம்.

ஜமாஅத்தாரே, இது உங்களுக்கு. சடையோடு ஒரு பையன் முதல் ஸஃப்பில் வந்து நின்றால், பின்னுக்குப் போகச் சொல்லாதீர்கள். தலையைப் பார்த்ததும் 'கஞ்சா' என்று முடிவு கட்டாதீர்கள். (அந்தச் சொல்லே இங்கிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறியவர்களோடு ஜமைக்காவுக்குப் போனதுதான்.) ஊகத்தில் பெரும்பகுதியை விட்டு விலகச் சொல்கிறது குர்ஆனின் 49-வது அத்தியாயம். குளிப்பின் சட்டத்தைத் தனியே அழைத்துச் சொல்லிக் கொடுங்கள். சபையில் சொன்னால் அவன் முடியை அல்ல, பள்ளியைத்தான் விடுவான்.

சில வீடுகளில் பாட்டிமார்களுக்குச் சடை விழுந்தால் வெட்டக் கூடாது, வெட்டினால் ஏதாவது நடந்துவிடும் என்ற பயம் உண்டு. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புப் பணியாளர்கள் இப்படிப் பயந்த பெண்கள் பலரின் சடையைப் பக்குவமாகப் பேசி வெட்டிவிட்டிருக்கிறார்கள். கழுத்துவலி போனதுதான் மிச்சம். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில். கத்தரியை எடுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை.

தம்பி, இதையெல்லாம் கேட்டும் வைக்கத்தான் வேண்டும் என்றால், சலூனுக்கு முன் உங்கள் மத்ஹபை அறிந்த ஓர் ஆலிமிடம் போங்கள். மெழுகு உண்டா, ஒட்டுமுடி உண்டா, எவ்வளவு இறுக்கம் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். உம்ராவுக்கு வீட்டில் பெயர் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முடியைப் பின்னியவரும் ஒட்டவைத்தவரும் மழித்தே ஆக வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு (முவத்தா). கத்தரித்தாலும் போதும் என்ற கருத்தும் உண்டு. ஆனால் மழித்தவர்களுக்கு மூன்று முறையும் கத்தரித்தவர்களுக்கு ஒரு முறையும் நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். மர்வாவில் ஸயீயை முடித்து வெளியே வந்ததும் நாவிதர் கடைகள் வரிசையாக இருக்கும். எட்டு மாதம் வளர்த்த சடைக்கு அங்கே ஐந்து நிமிடம் ஆகும்.