பிள்ளையை விட்டுவரப் போகும் பயணம்

ஆனி, ஆடி மாதங்களில் சென்னை சென்ட்ரலில் வடக்கே புறப்படும் வண்டிகளைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. படிக்கப் போகிறவன் ஒருவன். வண்டி ஏறுகிறவர்கள் ஐந்து பேர். சுருட்டிய மெத்தை, புது வாளி, பூட்டு, தொதல் டப்பா, ஊறுகாய் பாட்டில், வாப்பாவின் கையில் சான்றிதழ்கள் அடங்கிய பை. கேட்டால், “மகனை அலிகரில் சேர்த்துவிட்டு, அப்படியே ஆக்ரா, தில்லியும் பார்த்துவிட்டு வரலாமென்று...” எனச் சற்றுக் கூச்சத்தோடு சொல்வார்கள். கூச்சத்திற்குக் காரணம் உண்டு. ஊரில் யாராவது ஒருவர், “பிள்ளையை விடப் போகிறீர்களா, ஊர் சுற்றப் போகிறீர்களா?” என்று கேட்டிருப்பார்.

கேள்வி கேலியாகக் கேட்கப்பட்டாலும் அதனுள் மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு செயலின் தரத்தை நிய்யத்துதான் முடிவு செய்கிறது என்பதை மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அறியும். அப்படியிருக்க, ஒரே பயணத்தில் இரண்டு நிய்யத்துகள் இருக்கலாமா? கடமைக்காகப் போகிற இடத்தில் களிப்பையும் தேடலாமா?

இதற்கு விடை சொல்வது கடினமில்லை. ஹஜ்ஜைவிடத் தூய்மையான நிய்யத்தோடு செய்ய வேண்டிய பயணம் வேறு எது? அந்த ஹஜ்ஜுக் காலத்திலேயே வியாபாரம் செய்வது பாவமாகுமோ என்று மக்கள் தயங்கினார்கள். உக்காள், துல்மஜாஸ் முதலிய சந்தைகளில் அறியாமைக் காலத்தில் வாங்கி விற்றவர்கள், இஸ்லாத்திற்கு வந்தபின் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லையென்று சொல்லி அந்தத் தயக்கத்தைத் திருமறை நீக்கிற்று (அல்பகரா 198). ஹஜ்ஜோடு வியாபாரம் சேரலாமென்றால், மகனை விடப்போகும் பயணத்தோடு தாஜ்மஹால் சேரக்கூடாதா?

அலிகர் என்றதும் இன்னொரு பயணமும் நினைவுக்கு வருகிறது. 1869-ல் ஸர் ஸையித் அஹ்மத் கான் கப்பலேறி இங்கிலாந்து போனார். அவருடைய மகன் ஸையித் மஹ்மூதுக்கு அங்கே படிக்க உதவித்தொகை கிடைத்திருந்தது. தகப்பன் கூடவே போனார்; இன்னொரு மகனையும் அழைத்துக்கொண்டார். மகனைப் படிக்க வைக்கப் போன இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர்களைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி ஸர் வில்லியம் மூர் எழுதிய நூலுக்கு மறுப்பெழுத லண்டன் நூலகங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்தார். 1870-ல் அவர் நாடு திரும்பியபோது மஹ்மூத் அங்கே கேம்பிரிட்ஜில் இருந்தார். தகப்பனின் பெட்டியிலோ ஒரு கல்லூரியின் கனவு இருந்தது. 1875-ல் பள்ளியாகத் தொடங்கி 1920-ல் பல்கலைக்கழகமான அந்தக் கல்விச்சாலையில்தான் இன்று நம் பிள்ளையைச் சேர்க்கிறோம். மகனை விடப் போனவர் ஊர் பார்த்ததால் யாருக்கு நஷ்டம் வந்தது?

ஆகவே போகிறவர்கள் கூச்சப்படாமல் போகட்டும். யோசனை ஒன்று மட்டும் சொல்லுவோம்: சுற்றிப் பார்ப்பதைப் பிள்ளையை விடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ராவில் நிற்கிறது. அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் அலிகருக்குப் போகலாம். (வெள்ளிக்கிழமையில் தாஜ்மஹாலைப் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. இதை அறியாமல் வந்து வாசலோடு திரும்புகிற குடும்பங்கள் உண்டு.) ஆக்ராவில் இறங்குகிறவர்கள் கோட்டைக்கும் ஒரு வேளை ஒதுக்குவது நல்லது. 1658 முதல் 1666-ல் கண்மூடும்வரை ஷாஜஹான் அங்கேதான் சிறையிருந்தார். சிறை வைத்தவர் அவர் பெற்ற மகன். தகப்பன் பக்கத்தை விட்டு அகலாமல் கூட இருந்தவர் மகள் ஜஹானாரா. பிற்பாடு தில்லியில் நிஜாமுத்தீன் தர்கா வளாகத்திற்குப் போகிறவர்கள் அந்த ஜஹானாராவின் கப்ரையும் பார்க்கலாம். மேலே மண்டபம் இல்லை, பசும்புல்தான். தாஜ்மஹாலின் பளிங்கைப் பார்த்த கண்ணுக்கு அது வேறொரு பாடம். மகனோடு தகப்பன் பேச வேண்டியதும், பேசத் தயங்குவதும் இப்படிப்பட்ட இடங்களில் தானாகவே வாய்க்கு வரும்.

நமக்குக் கவலை தருவது களிப்பல்ல. அலிகர் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குகிற விஷயம் அது.

பிள்ளைக்கு இருபது வயதாகிவிட்டது. ஆயினும் அறைக்குள் நுழைந்தவுடன் வாப்பா கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போடுகிறார். அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டுமென்று முடிவு செய்கிறார். கூட இருக்கப்போகும் பிள்ளையிடம் ஊர், பெயர், தகப்பனார் தொழில் எல்லாம் விசாரிக்கிறார். பல விடுதிகளில் பெண்களை அறைவரை விடுவதில்லை; உம்மா கீழே இருந்துகொண்டு, காற்று வருகிறதா, கொசு வருகிறதா என்று கேட்டனுப்புகிறார். இரண்டு நாள் என்று வந்தவர்கள் நான்கு நாளாக்குகிறார்கள். “அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது” என்பது காரணம். உண்மையில் அவனுக்காகவா தங்குகிறோம், நமக்காகவா? உதவி எந்த இடத்தில் நின்று, பிடித்து வைத்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது? உள்ளத்தைப் பார்த்து இதைத் தீர்ப்பது கஷ்டம். ஏனெனில் இரண்டும் பாசம் என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன.

ஆனால் நம் மார்க்கச் சட்டத்தில், யாரும் அதிகம் கவனிக்காத ஒரு மூலையில், இதற்கான கோடு போடப்பட்டிருக்கிறது. தொழுகையைச் சுருக்கும் கஸ்ருடைய சட்டத்தைச் சொல்கிறோம்.

வீட்டிலிருந்து புறப்பட்டு ஊர் எல்லையைத் தாண்டியதும் குடும்பம் முழுவதும் முஸாபிர். வண்டியிலும் ஆக்ராவிலும் வாப்பா, உம்மா, மகன், தம்பி எல்லோரும் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழலாம். அலிகரில் கால் வைத்தவுடன் நிலை மாறுகிறது. ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தவர் ஹனபி மத்ஹபில் முகீம், அதாவது உள்ளூர்க்காரர். ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே போதும். மகனோ மாதக்கணக்கில் தங்க வந்திருக்கிறான். அவன் முகீம். இரண்டு நாளில் திரும்பப்போகும் பெற்றோர் இன்னமும் முஸாபிர். ஒரே ரயிலில் வந்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்களை ஷரீஅத் இரண்டாகப் பிரித்துவிட்டது.

அந்த அறையில் அஸருக்கு ஜமாஅத்தாக நின்றால் என்ன நடக்கும்? தகப்பன் இமாமாக நின்று, கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுது ஸலாம் கொடுக்கிறார். பக்கத்தில் நின்ற தம்பியும் ஸலாம் கொடுத்துவிடுகிறான். மகன் கொடுக்கக்கூடாது. அவன் எழுந்து மீதி இரண்டு ரக்அத்துகளைத் தனியே தொழ வேண்டும். தகப்பன் இருப்பில் உட்கார்ந்தபடி, தனக்குப் பின்னால் தன் பிள்ளை தனியாக ஓதி, தனியாக ருகூவு செய்து முடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த உபதேசமும் அந்த ஐந்து நிமிடம் சொல்வதைச் சொல்லாது. பிரிவு ரயில் நிலையத்தில் நிகழ்வதாக நாம் நினைக்கிறோம். அது முஸல்லாவின் மேலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மேலே தகப்பன் இமாமாக நின்றதாகச் சொன்னோம். உண்மையில் அந்த உரிமை அவருடையதல்ல. ஒருவருடைய இடத்தில் அவர் அனுமதியின்றி மற்றவர் இமாமாக நிற்கலாகாது, அவருக்குரிய இருக்கையில் அமரவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (முஸ்லிம்). மகன் “நீங்கள் நில்லுங்கள் வாப்பா” என்று சொல்லாமல் இருக்கமாட்டான். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடி இடம் கொடுங்கள். கட்டிலில் உட்காருமுன்னும், அலமாரியைத் திறக்குமுன்னும் அப்படியே. வயது வந்த பிள்ளைகள் பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டே வரவேண்டுமென்று அந்நூர் அத்தியாயம் (வசனம் 59) கற்பிக்கிறது. அதே அத்தியாயத்தின் 27-ம் வசனம் பிறர் வீட்டு வாசலைப் பற்றிப் பேசுகிறது. மகனுடைய கதவு இனி அந்த வசனத்தில் சேர்ந்தது.

இங்கே ஒருவர் எழுந்து, “மகனும் அவன் பொருளும் தகப்பனுக்குச் சொந்தம் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறதே!” என்பார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேவையுள்ள தகப்பன் மகனின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலான உலமாக்கள் அதை விளக்கியிருக்கிறார்கள். மகனுடைய நாட்களும், அவனுடைய முதல் வாரமும் பொருளில் சேருமா? விருந்து மூன்று நாள் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், வீட்டுக்காரருக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்குவதையும் தடுத்தார்கள். பெற்றோர் விருந்தாளியா என்று நம்மோடு சண்டைக்கு வராதீர்கள். அந்த அறையில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இருக்கிறான். அவனுக்கு நீங்கள் விருந்தாளிதானே?

அப்படியானால் எதுவரை கூடப் போகலாம்? முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது அண்ணலார் அவர்களோடு ஊருக்கு வெளியே வந்தார்கள். வாலிபரான முஆத் வாகனத்தின் மேல். அல்லாஹ்வின் தூதர் தரையில் நடந்தபடி, உபதேசம் செய்துகொண்டு. பிறகு, இந்த ஆண்டுக்குப்பின் என்னை நீர் காணாமலிருக்கலாம் என்ற கருத்தில் சொன்னார்கள். முஆத் அழுதார்கள். அப்போதும் பயணம் ஒத்திவைக்கப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்ற பேச்சும் இல்லை. அண்ணலார் மதீனாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தம்மைப் பின்பற்றிப் பயபக்தியோடு வாழ்கிறவர் யாராயினும், எங்கிருந்தாலும் தமக்கு நெருங்கியவரே என்ற பொருளில் கூறியதும் அப்போதுதான். இதை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்பு குறைந்ததாலா?

இப்ராஹீம் (அலை) அவர்களின் செய்தியையும் பாருங்கள். மனைவியையும் பால்குடிப் பிள்ளையையும் மக்காவில் விட்டுத் திரும்பியபோது, அவர்கள் கண்ணுக்கு மறையும் திருப்பம் வரை நடந்து, அங்கே நின்றுதான் கையேந்தினார்கள். அந்த துஆவில் முதலாவதாக வந்தது பிள்ளைகள் தொழுகையை நிலைநாட்ட வேண்டுமென்பது. உணவு பிறகுதான் வந்தது. பல்லாண்டுகள் கழித்து மகனைப் பார்க்க வந்தார்கள். இஸ்மாயீல் (அலை) வீட்டில் இல்லை. மருமகளிடம் நலம் விசாரித்து, ஒரு செய்தி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறைதான், ஸம்ஸமுக்கருகே மரத்தடியில் அம்பு சீவிக்கொண்டிருந்த மகனைச் சந்தித்தார்கள் (புகாரி). நம் கையிலோ கைபேசி இருக்கிறது. ஒரு வேளை எடுக்கவில்லையென்றால் பத்து முறை அழைக்கிறோம், பிறகு கூட இருக்கும் பிள்ளையின் எண்ணுக்கும் அழைக்கிறோம். “தொழுதாயா?” என்று கேட்பதற்கே அழைப்பதாக உம்மாமார் சொல்வார்கள். கேட்கட்டும். ஆனால் ஐந்து வேளையும் உம்மா எழுப்பித் தொழுகிறவன், ஆறாவது மாதம் கைபேசியை அணைத்து வைத்தால் என்ன செய்வான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மகளை விடப் போகிற குடும்பங்களுக்குக் கவலை இன்னும் அதிகம். பாதுகாப்பும் மஹ்ரம் துணையும் சேர்ந்த விஷயம் அது, விரிவாக எழுத வேண்டியது. ஆனால் கதவைத் தட்டி அனுமதி கேட்பதில் மகனுக்கொரு சட்டம், மகளுக்கொரு சட்டம் இல்லை.

விட்டுவிட்டுத் தில்லிக்கு வந்தபின் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் பெற்றோருக்குக் கஷ்டம். “பிள்ளையை விட்டுவிட்டு இனி எதைப் பார்க்க?” என்று லாட்ஜிலேயே உட்கார்ந்துவிடும் உம்மாமார் உண்டு. பார்க்கத்தான் வேண்டும் என்போம். கூட வந்த தம்பிக்கும் தங்கைக்கும் இது பயணம்தான். அவர்களுடைய செங்கோட்டையை அண்ணனுடைய பிரிவிற்குப் பலியிடுவது நியாயமல்ல. ஜாமிஆ மஸ்ஜிதின் படிகளில் அழுகை வந்தால் அழுதுவிட்டு மேலே ஏறட்டும். பயணத்தில் வந்த வேலை முடிந்தால் வீட்டாரிடம் விரைந்து திரும்பச் சொன்ன நபிமொழியும் நினைவில் இருக்கட்டும். திரும்பும் வண்டியில் ஒரு படுக்கை குறையும்.

முதல் விடுமுறையில் அவன் வருவான், இன்ஷா அல்லாஹ். அப்போது கஸ்ருடைய சட்டம் இன்னொரு முறை குறுக்கே வரும். அவனைப் பார்க்க நாம் அலிகருக்கு இரண்டு நாள் போனால் நாம் முஸாபிர்தான். அவனோ, ஒரே ஓர் இரவு தங்க வந்தாலும், இங்கே முகீம். நான்கு ரக்அத்தாகவே தொழுவான். சொந்த ஊருக்குத் தங்கும் நிய்யத்தும் வேண்டாம், நாள் கணக்கும் வேண்டாம். அந்த ஓர் இரவிலும் மூட்டை நிறையத் துவைக்காத துணி கொண்டுவருவான். அதை அவனே துவைக்கட்டுமென்று சொன்னால் எந்த உம்மா கேட்கப்போகிறார்?